காணாதவர்க்கு விற்பது: இணைய வணிகமும் இல்லறத்தார் விரதமும்

(வீர நிர்வாணத் திருநாளன்று சேத்தியாத்தோப்பில் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியற்காலையில் ஜினாலயத்தில் விளக்கேற்றி, வர்த்தமான சுவாமி வீடுபேறு எய்திய நாளைப் போற்றிவிட்டு இங்கே கூடியிருக்கின்றோம். பாவாபுரியில் அந்த ஞான ஒளி மறைந்தபோது, மண் விளக்கின் ஒளியையேனும் ஏற்றி வைப்போம் என்று மக்கள் ஏற்றிய தீபங்களே இத்திருநாளாயின என்பது நம் மரபு. எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு இணையவழி வணிகமும் அதில் புதுமையும் என்பது. விருத்தாசலத்துச் சூளைகளில் விளக்கு வாங்கி, இவ்வூரில் கட்டி, இணையத்தின் வழியே விற்கும் சிறு வணிகன் நான். ஆதலால் விளக்கைக் கொண்டே இத்தலைப்பைப் பேசுகின்றேன்.

நம்முடைய ஊர்ப்புறம் எத்தகையது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். வெள்ளாற்று அணைக்கட்டு ஒருபுறம். கரும்பு அரைக்கும் கூட்டுறவு ஆலை ஒருபுறம். 1956இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒருபுறம். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அதன் மேல் கிடக்கும் மண்ணை அகற்றுகின்றார்கள். அவ்வாறு அகற்றும் மண்ணில் வெண்களிமண்ணும் கிடைக்கின்றது. அம்மண்ணை அருகிலேயே பெறும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகின்றார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் படிந்து நிற்பது விளக்காகவும் பொம்மையாகவும் ஆகின்றது. அதனை உலர்த்தி, செதுக்கி, ஆயிரம் பாகைக்கு மேலான வெப்பத்தில் சுடுகின்றார்கள். கொலுப் பொம்மை, கார்த்திகை அகல், மின்சாரப் பீங்கான் பொருள்கள் எனப் பலவும் இவ்வழியே பிறக்கின்றன.

ஆனால் அவற்றை விற்கும் வழி நெடுங்காலமாக ஒன்றாகவே இருந்தது. பருவத்திற்கு முன் மொத்த வியாபாரி வருவார். அவர் சொன்ன விலைக்கு மொத்தமாக எடுப்பார். அந்த அகல் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கடைபரப்பப்படும்போது, அது எந்த ஊரில் பிறந்தது, யார் கை பட்டது என்று வாங்குபவர் அறியார். செய்தவரும் தம் பொருள் எந்த வீட்டு வாசலில் எரிகின்றது என்று அறியார். இடைவெளி பெரிதாக இருந்தது. அந்த இடைவெளியிலேயே இலாபத்தின் பெரும்பகுதி தங்கிவிட்டது.

இணையம் அந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றது. 2016இல் யு.பி.ஐ. வந்தது, சிறு கடைக்கும் பணம் உடனே கைக்கு வரும் வழி பிறந்தது. 2022இல் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வணிக வலையமைப்பின் முன்னோட்டம் ஐந்து நகரங்களில் தொடங்கியது. அவ்வைந்தில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. வாட்ஸ்அப்பில் பொருட்பட்டியல் வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் சூளை திறக்கும் காட்சியைக் காட்டலாம். சேத்தியாத்தோப்பில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் இருப்பவருக்கு அகல் விற்கலாம். இவை யாவும் கைக்கெட்டியவை.

இந்த எண்ணிம உலகம் நமக்கு அந்நியமானது என்று அஞ்சும் பெரியோர் சிலர் இங்கே இருக்கக் கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விழைகின்றேன். நம் கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலிகை என்று அறிஞர் கூறுவர். அங்கே சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சிச் சிம்மவர்மன் ஆட்சியில், சருவநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் உலக நூலை எழுதினார். அம்மூலநூல் இன்று இல்லை. அதனைச் சிம்மசூரி வடமொழியில் ஆக்கியது கிடைக்கின்றது. சுழியம் உட்பட எண்களை இடமதிப்பு முறையில் அமைத்துக் காட்டும் மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. கணிப்பொறி ஒன்றும் சுழியமுமாகவே எண்ணுகின்றது. அந்தச் சுழியத்தை நம் பள்ளியைச் சேர்ந்த முனிவர்கள் இம்மாவட்டத்து மண்ணில் அமர்ந்து எழுதியிருக்கின்றார்கள். ஆகவே இதனை நாம் அஞ்ச வேண்டுவதில்லை. எவ்வாறு ஆளுவது என்பதே வினா.

இளைஞர்கள் என்னைக் கேட்பது இதுதான்: ‘எங்கள் பொருளை இணையத்தில் எவரும் காண்பதில்லையே, என்ன செய்வது?’ என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கின்றேன். முதலாவது, பெயர். நாம் நம் பொருளுக்கு வைக்கும் பெயர் வேறு; வாங்குபவர் தேடுபொறியில் இடும் சொல் வேறு. சூளையில் ஓர் அகலுக்கு எண்ணும் அளவும்தான் பெயர். வாங்குபவரோ ‘கார்த்திகைக்குப் பீங்கான் விளக்கு’ என்று தேடுகின்றார். அவருடைய சொல் நம் பக்கத்தில் இல்லையெனில் நம் பொருள் அவருக்கு இல்லை. இரண்டாவது, அளவு. படத்தில் சிறு விளக்கும் பெருவிளக்காகத் தோன்றும். அகலம், உயரம், எடை, எத்தனை எண்ணெய் கொள்ளும், எத்தனை நேரம் எரியும் என்பவற்றை எழுதுங்கள். உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுங்கள். மூன்றாவது, காலம். நவராத்திரிக்குக் கொலுவும் கார்த்திகைக்கு அகலும் தேடுவோர் அந்நாளுக்குப் பல வாரம் முன்பே தேடத் தொடங்குகின்றார்கள். கடல் கடந்து வாழ்வோர் இன்னும் முன்பே. பண்டிகைக்கு முந்தைய வாரம் விளம்பரத்திற்குச் செலவிடுவது, மழை நின்ற பின் குடை விரிப்பதற்கு ஒப்பாகும். நான்காவது, விளம்பரக் கணக்கு. இணைய விளம்பரத்தின் இடம் ஏலத்தில் விற்கப்படுகின்றது. எல்லோரும் கேட்கும் சொல்லுக்கு விலை ஏறும். ‘விளக்கு’ என்னும் பொதுச் சொல்லுக்குப் பெருநிறுவனங்களோடு போட்டியிட்டுப் பணத்தை இழக்காதீர்கள். ‘விருத்தாசலம் அகல்’ என்று நாடி வரும் சிலரே சிறு வணிகனுக்குப் போதும். ஐந்தாவது, பழைய வாடிக்கையாளர். ஒருமுறை வாங்கியவரை மறுமுறை வரச் செய்வதைவிட மலிவான விளம்பரம் இல்லை.

இவையனைத்தும் தொழில்நுட்பம், எவரும் கற்கலாம். ஆனால் இவற்றைக் கற்ற பின்னும் நான் ஒருமுறை தவறினேன். அதனை இந்த அவையில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இணையத்தில் விற்கத் தொடங்கிய முதற் கார்த்திகையில், பச்சை மெருகிட்ட ஓர் அகலின் படத்தைக் கைப்பேசியிலேயே சற்று ஒளியேற்றினேன். சூளையில் பிறந்த பச்சை, பாசி போல அடங்கிய நிறம். படத்தில் அது மரகதமாயிற்று. விற்பனையும் நன்றாக நடந்தது. பின்பு ஓர் அம்மையார் எழுதினார்: ‘விளக்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் நீங்கள் காட்டிய விளக்கு இதுவன்று.’ அவர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அதுவே எனக்கு வலித்தது. பொய் ஒரு சொல்லும் நான் எழுதவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முயன்றேன், இயலவில்லை. கடையில் பொருளைத் தட்டிப் பார்ப்பார்கள், ஓசை கேட்பார்கள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். இணையத்தில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் காட்டும் படமும் நான் எழுதும் சொல்லுமே அவருக்குப் பொருள். ஆகவே அங்கே நான் முதலில் விற்பது விளக்கையன்று, என் சொல்லை.

அடுத்து வந்தது ஒரு பெரிய சோதனை. விளம்பரம் செய்து தரும் ஒருவர் வந்தார். ‘ஐந்து நட்சத்திரக் கருத்துரைகள் நூறு எழுதித் தருகின்றோம்; எல்லோரும் செய்வதுதான்’ என்றார். இரண்டு நாள் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். அந்த இரவில் என் தந்தையார் வைத்திருந்த அருங்கலச்செப்பை எடுத்துப் பார்த்தேன். சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் எழுந்த நூல் அது என்பதை அறிவீர்கள். அணுவிரதம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்களை, அந்நூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. சிறு வயதில் மனப்பாடம் செய்த பட்டியல்தான். அன்றுதான் அது ஒரு வணிகனுக்காக எழுதப்பட்டது போலத் தோன்றியது.

வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று கூடலேகம், அதாவது பொய்யோலை எழுதுதல். வாங்காத ஒருவர் பெயரில் எழுதும் புகழுரை பொய்யோலையன்றி வேறென்ன? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் தம்மை வாங்குபவராகக் காட்டிக் கருத்துரை இடுவதைத் தடுக்கின்றன. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையக் கருத்துரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரவிதியை வெளியிட்டது. சட்டம் இப்போது வந்து சேர்ந்த இடத்தில் நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நின்றிருக்கின்றார்கள்.

மற்றொன்று, பிறர் மறைவை வெளிப்படுத்துதல். வாங்குபவர் நமக்குத் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் யாவற்றையும் நம்பித் தருகின்றார். அந்தப் பட்டியலை வேறொரு வணிகருக்கு விலைக்குக் கொடுப்பது அவர் மறைவை விற்பதாகும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைத்தான் பேசுகின்றது. இன்னொன்று, அடைக்கலப் பொருளைக் கவர்தல். முன்பணம் பெற்று அனுப்பாதிருப்பதும், உடைந்த பொருளுக்கான பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் இதில் அடங்கும். புறங்கூறுதலும் அவ்வைந்தில் உண்டு. போட்டிக் கடையின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் இட்டுவிட்டு வருவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கள்ளாமை விரதத்திற்கு வாருங்கள். அங்கே, ஒத்த தோற்றமுடைய தாழ்ந்த பொருளைக் கலந்து விற்றல் ஓர் அதிசாரம். குறைத்தும் கூட்டியும் அளத்தல் ஓர் அதிசாரம். எங்கோ வார்த்த பொம்மையை விருத்தாசலத்துப் பொம்மை என்று விற்பது முன்னது. விலையைக் குறைத்துக் காட்டி, பணம் செலுத்தும் கடைசிப் படியில் அனுப்புகூலியும் கட்டுகூலியும் சேர்ப்பது பின்னது. இதனையும் ‘இன்னும் இரண்டே உள்ளன, விரையுங்கள்’ என்னும் பொய் அவசரத்தையும் சேர்த்து 13 வகை ஏமாற்று உத்திகளை 2023 நவம்பர் 30இல் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளால் தடை செய்தது. அந்த நெறிகளைப் படிக்க நேரமில்லாத சிறு வணிகர், நம் வீட்டு நூலில் இருக்கும் பத்து அதிசாரங்களைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் பிழையாது நடக்கலாம்.

விளம்பரக்காரருக்கு மறுப்புச் சொன்னேன். அந்தப் பருவத்தில் விற்பனை குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அறம் உடனே இலாபமாகிவிடும் என்று நான் இளைஞர்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். பழைய படத்தை நீக்கி, பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இட்டேன். ‘சூளைக்குச் சூளை நிறம் சற்று மாறும், இது கைத்தொழிலின் இயல்பு’ என்று கீழே எழுதினேன். விற்பனை மெல்ல மீண்டது. திரும்பி வரும் கட்டுகள் குறைந்தன. திரும்பி வரும் ஒவ்வொரு கட்டும் இருவழிக் கூலியையும் ஒரு வாடிக்கையாளரையும் கொண்டுபோகின்றது. இதனை இணைய வணிகம் செய்வோர் அனைவரும் அறிவர்.

பொருளின் பிறப்பிடத்தைச் சொல்வது ஏன் முதன்மையானது என்பதற்கு நம் இளங்கோவடிகளின் காப்பியமே சான்று. கோவலன் வணிகர் குலத்தவன். அறியாத நகரில், தனியனாய், தன் பொருளைத் தனதென்று நிறுவும் சான்று ஏதுமின்றி விற்கப் போனான். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன பொய் அவன் உயிரைக் கொண்டது. அரசியின் சிலம்பில் முத்து இருந்ததும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இருந்ததும் உடைத்த பின்புதான் தெரிந்தது. அப்போது காலம் கடந்துவிட்டது. பொருளோடு அதன் வரலாறும் பயணம் செய்ய வேண்டும் என்பதே நான் இதில் கற்கும் வணிகப் பாடம். இன்று அதற்கு வழிகள் உள்ளன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன்பின் அப்பெயரை வேறு ஊரார் பயன்படுத்துவதைச் சட்டப்படி தடுக்க இயலும். அத்தகைய குறியீடு ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சிறு சீட்டு வைக்கலாம்: எந்த ஊர் மண், எந்த மாதச் சூளை, யார் வண்ணமிட்டார் என்று. செலவு சில காசுகள்தான். வண்ணமிட்ட பெண்ணின் பெயரை அவர் ஒப்புதலோடு அச்சிட்டு அனுப்பினால், வாங்குபவர் அச்சீட்டை விளக்கோடு எடுத்து வைத்துக்கொள்கின்றார்.

இனி, புதுமை. புதுமை என்றால் புதிய செயலி என்றே பலரும் எண்ணுகின்றார்கள். என் தொழிலில் நான் கண்ட பெரிய புதுமை ஓர் அட்டைப்பெட்டி. பீங்கான் உடையும். கூரியரில் எறிவார்கள். வைக்கோலும் பழைய தாளும் போதவில்லை. ஒவ்வோர் அகலையும் தனி அறையில் நிறுத்தும்படி அட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து பலமுறை போட்டுப் பார்த்து, எது உடைகின்றது என்று குறித்து, மீண்டும் வெட்டி, ஒரு வடிவத்திற்கு வந்தோம். இதில் என் மனைவியாரின் உழைப்பே மிகுதி.

இதில் அறமும் உண்டு. ‘சூளை நெருப்புத் தொழிலாயிற்றே, அதில் சிற்றுயிர்க்கு ஊறு இல்லையா?’ என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். ஊறு உண்டு. இல்லறத்தார் கருதிச் செய்யும் கொலையை முற்றும் விலக்க வேண்டும். தொழில்வழி நேரும் ஊற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பதே நமக்கு விதித்த நெறி. அவ்வாறாயின், வழியில் உடையும் ஒவ்வோர் அகலும் வீணே எரிந்த நெருப்பு. பயனற்ற ஊறாகிய அனர்த்த தண்டம் அது. நல்ல கட்டு இலாபத்தைக் காப்பதோடு விரதத்தையும் காக்கின்றது.

சுவேதாம்பர மரபின் உவாசகதசா என்னும் நூலில் சத்தாலபுத்திரன் என்னும் குயவனின் வரலாறு உண்டு. போலாசபுரத்துக்கு வெளியே அவனுக்கு 500 மட்பாண்டக் கடைகள் இருந்தன. எல்லாம் ஊழின்படியே நடக்கும், முயற்சி என்பது இல்லை என்னும் ஆசீவகக் கொள்கையினன் அவன். பானைகளை அவன் வெயிலில் உலர்த்தும்போது மகாவீரர் கேட்டார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா? முயற்சியின்றி என்றான். அப்படியாயின் இவற்றை ஒருவன் உடைத்தால் என் செய்வாய் என்றார். தண்டிப்பேன் என்றான். எல்லாம் ஊழ் என்றால் அவனைத் தண்டிப்பது எவ்வாறு தகும் என்று வினவியபோது அவன் தெளிந்தான். ‘விருத்தாசலத்துத் தொழிலின் விதி அவ்வளவுதான்’ என்று சோர்ந்து பேசுவோரைக் காணும்போதெல்லாம் இக்குயவனை நினைத்துக்கொள்கின்றேன்.

முயற்சியைச் சொன்ன நான் எல்லையையும் சொல்ல வேண்டும். பொருள் வரைதல் விரதத்தின் அதிசாரங்களுள் அளவு மீறிச் சுமத்தல் உண்டு. பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து மயங்குதல் உண்டு. இணையத்தில் ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் தம் ஒரு மாத வருவாயைத் திரையிட்டுக் காட்டுகின்றார். அதைப் பார்த்து மயங்கி, கடன் வாங்கி விளம்பரத்தில் இறைத்தவர்களை நான் அறிவேன். பருவத்தில் நூறு கட்டு அனுப்ப ஆளிருக்கும்போது முந்நூறு கட்டுக்குப் பணம் பெறுவது, அந்தப் பாரத்தைக் கட்டும் பெண்களின் முதுகில் ஏற்றுவதாகும். எங்கள் பக்கத்தில் நாளொன்றுக்கு இத்தனை கட்டுத்தான் என்று எழுதி வைத்திருக்கின்றோம். வாங்க வருவோர் காத்திருக்கின்றார்கள். இரவில் நாங்களும் உறங்குகின்றோம். சூரியன் மறையுமுன் உண்ணும் நோன்பை விடாமல் இத்தொழிலைச் செய்ய இயல்கின்றது என்பது எனக்குப் பெரிய நிறைவு.

நிறைவாக, அறக்கட்டளையார்க்கு மூன்று விண்ணப்பங்கள். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கும் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் படம் எடுக்கவும் பொருள் விவரம் எழுதவும் கணக்கு வைக்கவும் ஒரு வாரப் பயிற்சி தாருங்கள். தனித்தனியே வாங்க இயலாத சிறு வணிகர்க்காகக் கட்டும் பொருள்களை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து கொடுங்கள். அணுவிரத அதிசாரங்களை இன்றைய வணிக வழக்குகளோடு பொருத்தி ஒரு தாளில் அச்சிட்டுக் கடைதோறும் கொடுங்கள். நம் சமயத்தார் அல்லாத கடைக்காரர்க்கும் அது பயன்படும்.

வள்ளுவர் வணிகரை நினைத்த இடம் எது என்று பாருங்கள். நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் நினைத்தார். துலாக்கோல் நேரே நிற்க வேண்டும் என்பதே அந்த அதிகாரத்தின் உயிர். இணையத்தில் துலாக்கோல் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் மனத்தில்தான் தொங்குகின்றது. இன்னும் சில வாரங்களில் கார்த்திகை. எங்கோ ஒரு வீட்டு வாசலில், நம் முகம் காணாத ஒருவர், நாம் அனுப்பிய அகலை ஏற்றுவார். அது நாம் காட்டிய அதே விளக்காக இருக்கட்டும்.

அறம் வெல்க! ஜெய ஜினேந்திர!